தேடச் சொன்னவள்

அவள் திருத்திக்கொண்டிருந்த தாள்களை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

எதிரே சங்கரேஸ்வரியின் அம்மா உட்கார்ந்திருந்தாள். தையல் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கல்லூரிக்கு வந்திருக்கிறாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"இதச் சொல்றதுல உனக்கு என்ன லாபம்னு கேக்குறா டீச்சர். பெத்த தாயப் பாத்து."

அந்தக் கேள்வி டீச்சராக வகுப்பில் அவளே சொல்லிக்கொடுத்தது.

யார் எதைச் சொன்னாலும் அதில் அவருக்கு என்ன லாபம் என்று பார். பேப்பரானாலும் சரி, கல்வெட்டானாலும் சரி. வரலாறு படிக்க வரும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் இதைத்தான் முதலில் சொல்வாள். அம்மாவானாலும் சரி என்று சொன்னதில்லை. அதைச் சங்கரேஸ்வரியே சேர்த்துக்கொண்டாள்.

பழைய செய்தி ஒன்றை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போக வேண்டும். அதுதான் இந்த வருட செமினார். மற்ற பெண்கள் புயலையும் ரயில் விபத்தையும் எடுத்தார்கள். சங்கரேஸ்வரி நூலகத்தில் உட்கார்ந்து நாலு வரிச் செய்தி ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

குடிபோதையில் பள்ளத்தில் விழுந்து செங்கல் சூளைத் தொழிலாளி பலி.

அவளுடைய அப்பா.

எப்படித் தேடியிருந்தாள் அந்தப் பெண்! பேப்பருக்குச் சொன்னது போலீஸ். போலீசுக்குச் சொன்னது சூளை முதலாளி. நஷ்டஈடு தராமல் தப்பிக்க முதலாளிக்கு அந்தக் குடிபோதை தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே நம்ப முடியாது.

அம்மா சொல்வது வேறு. மண் எடுத்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றதாம். யாரோ ஒரு குழந்தை தவறி விழுந்ததாம். அப்பா குதித்து, குழந்தையைக் கரையில் தள்ளிவிட்டு, தான் மூழ்கிப் போனாராம்.

எந்தக் குழந்தை? அம்மாவுக்குத் தெரியவில்லை. யார் வீட்டுப் பிள்ளை? ஞாபகமில்லை. போலீஸ் அறிக்கையில் அப்படி ஒரு குழந்தையே இல்லை.

குடிகாரன் மகள் என்று என்னை யாரும் பேசிவிடக் கூடாதென்று அம்மா இதைச் சொல்லியிருக்கலாம். ஆகவே அதையும் நம்ப முடியாது.

குரல் கொஞ்சமும் பிசிறாமல் சொல்லி முடித்தாள் சங்கரேஸ்வரி.

வகுப்பே கைதட்டியது. முதலில் தட்டியது டீச்சரான அவள்தான்.

அதோடு விட்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்தக் குழந்தையைத் தேடிப் பிடி, கிடைத்தால் அம்மா சொன்னது நிஜம், கிடைக்காவிட்டால் கதை என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவ்வளவு பெருமை அவளுக்கு. இப்படி ஒரு மாணவி லேசில் வாய்க்கிறாளா என்ன?

"சனிக்கெழம சூளைக்குக் கெளம்புறா" என்றாள் அந்த அம்மாள். "பழைய ஆளுக ரெண்டு பேரு இன்னும் அங்கதான் இருக்காகளாம். எப்படியோ விசாரிச்சு வச்சிருக்கா. நீங்கதான் டீச்சர் தடுக்கணும்."

"போகட்டுமேம்மா. போயிட்டு வந்தா உங்க மேல இருக்கிற சந்தேகம் தீர்ந்துடும்ல?"

வேண்டவே வேண்டாம் என்று அந்த அம்மாள் தலையாட்டினாள்.

"அந்தக் குழந்தை யாருன்னு உங்களுக்குத் தெரியும். அப்படித்தானே?"

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வெளியே மரத்தடியில் சங்கரேஸ்வரி தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாருடைய டப்பாவிலிருந்தோ அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு, அடி வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

"அவளுக்கு அப்ப மூணு வயசு டீச்சர்."



தான் கைதட்டியது டீச்சருக்கு ஞாபகம் வந்தது. நல்லவேளை, அந்தச் சத்தம் இந்த அம்மாளின் காதில் விழவில்லை. இதெல்லாம் ஓர் ஆறுதலா! தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

"நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன். அப்பன முழுங்கினது நாந்தான்னு எம்மக நெனச்சுரக் கூடாது."

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தாள் அந்த அம்மாள். வாசல்வரை வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். மகள் கண்ணில் படாமல் பின்பக்கமாகவே போய்விட்டாள்.

சாப்பாட்டு வேளை முடிந்ததும் டீச்சர் அவளே சங்கரேஸ்வரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினாள்.

சங்கரேஸ்வரி ஓட்டமும் நடையுமாக வந்தாள். சனிக்கிழமைக்கு எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்றெல்லாம் போனில் பார்த்து வைத்திருந்தாள். அதைக் காட்டத்தான் முதலில் கையை நீட்டினாள்.

அவள் போனைப் பார்க்கவில்லை.

"சூளைக்குப் போக வேண்டாம். நான் விசாரிச்சுட்டேன். அங்க எந்தக் குழந்தையும் விழல."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

இப்போது கேட்பாள். யாரிடம் விசாரித்தீர்கள், அவருக்கு எப்படித் தெரியும் என்று பிடித்துக்கொள்வாள். போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் நின்று கேட்டவள்தானே. கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. திணறிப்போய் நிற்க வேண்டியதுதான். நிற்கலாம். பரவாயில்லை.

கேளேன், சங்கரேஸ்வரி. ஒரு வார்த்தை கேளேன்.

சங்கரேஸ்வரி போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"அப்ப எங்கம்மா சொன்னது பொய்தான். நீங்க சொன்னாச் சரியாத்தான் மேடம் இருக்கும்."