செவ்வாய்க்கிழமை நாடகம்

ஸ்பேனரை இடுப்பில் செருகி, ஒரு சுருள் கட்டுக்கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு தணிகாசலம் புறப்பட்டபோது பாஞ்சாலி வாசலுக்கு ஓடிவந்தாள். கம்பெனியில் ஃபிட்டர்தான் என்றாலும், ஷிப்டு முடிந்து வீடு திரும்பியவருக்கு இந்த அந்திவேளையில் ஸ்பேனர் எதற்கு?

"இன்னாய்யா, மழ வர நேரத்துல எங்க போற?"

"உனுக்கு இன்னாத்துக்கு?"

திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் போகும் இடம் பாஞ்சாலிக்குத் தெரியாமல் இல்லை. இன்றைய டீவி நாடகத்தில் மகள் ரத்னா நடிக்கிறாள் என்று பிள்ளைப்பாக்கம் முழுக்கப் பேச்சு. நேற்று டீக்கடையில் யாரோ அதைச் சொல்லிக் கிண்டல் செய்ய, இவர் கண்ணாடித் தம்ளரைத் தரையில் அடித்திருக்கிறார். "அவ மூஞ்சி இந்த ஊர்ல தெரிஞ்சுது, ராஜாமணி வூட்டு டீவிப் பெட்டிய ஒடச்சிருவேன்!"

பிறந்ததிலிருந்து அவளைப் 'பாப்பா' என்றே கூப்பிட்டு வளர்த்தவர். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் அவள் பட்டணத்து நாடகக் குழுவில் சேர ஓடிப்போனாள். அதன் பிறகு அவர் வாயில் அவள் வெறும் 'அவ'. தலைமுழுகிவிட்டதாக ஊரறியச் சொன்னார். அன்றிலிருந்து மகளின் முகத்தைப் பாஞ்சாலி பார்க்கவில்லை. இன்று பார்க்க வாய்த்திருந்தது, பெட்டி தப்பினால்.

குறுக்கு வழியில் ஓடினாள். கம்பெனிக்கு நிலம் கொடுத்த பணத்தில் ராஜாமணி தளம் போட்ட மெத்தை வீடு கட்டி, ஊரிலேயே முதல் டீவியை வாங்கி வைத்திருந்தார். கூடத்தில் சனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது.

"ராஜாமணிண்ணே, கதவச் சாத்துண்ணே! எங்கூட்டுக்காரரு ஸ்பேனர எடுத்துக்கினு வராரு."

"வரட்டுமே. எம் பொருள்மேல கைய வச்சா இன்னா நடக்குதுன்னு அவனும் பாக்கட்டும்." கதவை இழுத்துத் தாழ் போட்டவர், அருகில் ஒரு தடியையும் சாத்திவைத்தார்.

"நீ இப்டி குந்து மே," என்று பக்கத்து வீட்டு லூர்தம்மாள் அவளைத் தன்னருகே இழுத்துக்கொண்டாள். "பொண்ணு ஸ்டாரா வர நேரம். மூக்கச் சிந்திக்கினு இருந்தா எப்டி?"

நாடகம் தொடங்கியதும் மழையும் தொடங்கியது. காற்று சுழன்றடித்தது. பெட்டியில் மனிதர்கள் நீண்டார்கள், நெளிந்தார்கள், பிறகு கோடுகளாக ஓடினார்கள்.

"நேத்தே கிளாம்பு ஆடிச்சு. ஆன்டெனா திரும்பிக்கிச்சு," என்றார் ராஜாமணி. மற்ற நாளாக இருந்தால் யாராவது ஏணி வைத்து மெத்தைமேல் ஏறுவார்கள். ஆன்டெனாக் குழாயைத் திருப்பித் திருப்பி "தெரியுதா?" என்று அங்கிருந்து கத்துவார்கள்; "இன்னும் கொஞ்சம்!" என்று இங்கிருந்து கூடம் கத்தும். இந்த மழையில் யாரும் எழுந்திருக்கவில்லை.

திடீரென்று தலைக்குமேல் ஏதோ பலமாக இடித்தது. மறுகணம் பெட்டி முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

"வந்துட்டாரு," என்று பாஞ்சாலி முணுமுணுத்தாள். ஆன்டெனாவைப் பிடுங்கி எறிகிறார். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"தென்ன மட்ட வுழுந்திருக்கும் மே, சும்மா இரு," என்றாள் லூர்தம்மாள். அவள் வாயை மூடுவதற்குள் கூடம் அதிர்ந்தது.

"தெரியுது! தெரியுது! அதோ ரத்னா!"

கண்ணைத் திறந்தாள். அவள் பெண்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

"இவளா உன் பொண்ணு? பவுடரு போட்டதும் உன் ஜாடையே பூடுச்சே," என்று லூர்தம்மாள் சிரித்தாள். பாஞ்சாலியின் காதில் அது ஏறவில்லை. ஒரு கண் பெட்டியிலும் ஒரு கண் கதவிலுமாக இருந்தாள். எந்தக் கணமும் கதவு உடைபடலாம்.

கதையிலும் ஒரு கதவு. வீட்டை விட்டுப் போன மகள் திரும்பி வந்து தட்டுகிறாள், தந்தை திறக்கவில்லை. "ஒரே ஒரு தடவை உங்க முகத்தைப் பார்த்துட்டுப் போயிடறேன், அப்பா," என்று ரத்னா அழுதபோது படம் நடுங்கிக் கலைந்தது.

"போச்சு, போச்சு!" என்று கூடம் அலறியது. படம் தடுமாறித் திரும்பியது. மறுபடி கலைந்தது, மறுபடி அலறினார்கள், மறுபடி திரும்பியது. கடைசிவரை அப்படியே ஓடி முடிந்தது.

ராஜாமணி ஒரு கையில் தடியும் மறு கையில் டார்ச்சுமாகத் தாழை நீக்கினார். வாசலில் யாருமில்லை. ஏணியடியில் தணிகாசலத்தின் ஸ்பேனர் நனைந்துகொண்டு கிடந்தது.

"மேலதான் கீறான். எத்தப் பிடுங்கனானோ!" டார்ச் வெளிச்சம் மெத்தையை நோக்கி எழுந்தது.

கிளாம்பு உடைந்து தொங்கியது. அதற்குப் பதிலாகச் சுற்றிய கட்டுக்கம்பியும் அறுந்து கிடந்தது. பட்டணத்துத் திக்கு நோக்கி நிமிர்ந்து நின்ற குழாயை, சொட்டச் சொட்ட நனைந்த தணிகாசலம் இரண்டு கைகளாலும் மார்போடு கட்டிப் பிடித்திருந்தார்.

வெளிச்சத்துக்குக் கண்களைச் சுருக்கியபடி, குளிரில் பல் கிட்டித்த குரலில் கேட்டார்:

"பாஞ்சாலி, பாப்பா மூஞ்சி நல்லா தெரிஞ்சிச்சா?"