டிராக்டர் நிற்கும் தூரம்

"இனிமேல் பாப்பா பத்து மீட்டருக்குள்ள வந்தா வண்டி தானா நின்னுக்குங்ணா," என்றாள் டிராக்டரில் கேமரா பொருத்த வந்த பெண்.

"அவ எங்கூடத்தானம்மா வேலை செய்யறா?" என்றார் சென்னியப்பன்.

"தெரியுங்ணா. பெரியவங்கன்னா நிக்காது, சின்னப் புள்ளைங்க கிட்ட இருந்தா வண்டி ஓடக்கூடாதுன்னு சட்டம். மத்த தோட்டத்துல எல்லாம் எப்பவோ மாட்டியாச்சு."

அவள் போனதும் அவர் அந்தப் பழைய குட்டி டிராக்டரைக் கிளப்பினார். சனிக்கிழமைதோறும் அவர் ஓட்ட, ஒன்பது வயது மகள் யாழ்மொழி பின்னாலேயே நடந்து, விழுந்து கிடக்கும் தென்னை மட்டைகளை டிரெய்லரில் எடுத்துப் போடுவாள். வாரம் முழுவதும் வாய் திறக்காதவள், அந்த வேலையின்போதுதான் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வாள்.

இன்று அவள் அருகில் வந்ததும் வண்டி நின்றது. விலகினாள், நகர்ந்தது.

"நான் மந்திரக்காரி, பாருங்கப்பா!" என்று முதலில் சிரித்தாள். நாலாவது முறை சிரிக்கவில்லை. வீட்டுக்குள் ஓடி, அம்மாவின் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் பெரிய பூட்சும் மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, பெரியவர்களைப்போல மெதுவாக நடந்து வந்தாள்.

வண்டி நின்றது.

யாழ்மொழி தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நான் சின்னப் புள்ள இல்லைன்னு அதுகிட்ட நீங்க சொல்லுங்கப்பா."