ஒத்திகை

மாப்பிள்ளையின் பெரியப்பா அபூ ஃபவ்வாஸ் காபிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் மேசையில் வைத்தார். தொழுகை முடிந்த கையோடு இர்பித் நகரிலிருந்து அவரோடு பெண் கேட்டு வந்த பதினேழு பேரும் அப்படியே வைத்தார்கள்.

"சம்மதம்னு சொல்லுங்க, குடிக்கிறோம்."

பெண்ணின் தகப்பனார் தொண்டையைச் செருமினார். "நான் சொல்ல என்ன இருக்கு? எம் மக பதிலை பிளாக்செயின்ல எழுதிப் பூட்டி வச்சிருக்காளாம். மாப்பிள்ளை கேட்டா அது சொல்லுமாம்."

எல்லாரும் மாப்பிள்ளை முஹன்னத்தைப் பார்த்தார்கள்.

அவனுக்கு இது புதிதல்ல. மூன்று வாரத்துக்கு முன்பே மணப்பெண் ஷுரூக், பதிலைப் பூட்டி வைத்த அந்த ஒப்பந்த நிரலின் முகவரியை அனுப்பியிருந்தாள். எந்தக் கணினி வழியாகக் கேட்க வேண்டும் என்பதையும் அவளே எழுதியிருந்தாள். அவன் கையெழுத்திட்டுக் கேள்வியை அனுப்பினால், கேள்வியும் பதிலும் அழியாமல் பதிவாகிவிடும்.

அனுப்பாமலும் பார்க்கலாம். அனுப்பினால் என்ன பதில் வரும் என்று ஒத்திகையாகக் கேட்டாலே சொல்லிவிடும். கட்டணமில்லை. கையெழுத்தில்லை. எங்கும் ஒரு கீறல்கூட விழாது.

முஹன்னத்துக்கென்றே செய்து வைத்தது போன்ற வசதி. நான்கு வருடமாக அலுவலகத்தில் அவளுக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து, அவள் பெயரை மனதுக்குள் மட்டும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்.

அலைபேசியைத் தட்டினான்.

"என்னடா சொல்லுது?"

"சம்மதம்னுதான், பெரியப்பா."

பதினெட்டுக் கோப்பைகள் எழும்பின.

"ஆனா இது ஒத்திகை. நான் இன்னும் கேட்கல."

பதினெட்டுக் கோப்பைகள் இறங்கின.

"கேட்டுத் தொலையேன்!"

"இன்னொரு தடவை பார்த்துட்டு அனுப்புறேன். மனசு மாறியிருந்தா?"

"அரை நிமிஷத்துலயா?"

தட்டினான். சம்மதம்.

அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது. காபி ஆறிக்கொண்டிருந்தது. விரல் தானாகவே ஒத்திகைக்குத் திரும்பியது.

அப்போதுதான் கவனித்தான். எதிர்ச் சுவரில், அவளுடைய பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கறுப்புக் கணினிப் பெட்டி. அவன் தட்டியதும் அதில் பச்சை விளக்கு ஒரு முறை மின்னியது.

மறுபடி தட்டினான்.

மறுபடி மின்னியது.

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஷுரூக்கின் குரல் வந்தது.

"மாமா, மூணு வாரத்துல இதோட அறுபத்தேழு தடவை சம்மதம் சொல்லிட்டேன். உங்க புள்ள இன்னும் ஒரு தடவைகூடக் கேட்கல."

பதினெட்டுப் பேரும் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முஹன்னத் அலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"ஷுரூக்," என்றான், வாய்விட்டு.

பச்சை விளக்கு இந்த முறை மின்னவில்லை.