பல்செட்

பல் மருத்துவரின் சாய்வு நாற்காலிக்கு மேல் எரியும் விளக்கு, தச்சரின் முகத்தில் வெள்ளை வெளேரென்று விழுகிறது. புதுப் பல்செட்டை மாட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கைக்கண்ணாடியில் தெரிகிற ஆள் யாரோ எவரோ என்பதுபோல அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி, கைப்பையை இறுக்கிக்கொண்டு அவரையே பார்க்கிறாள். நாற்பது வருடம் நாடக மேடைகளில் அரண்மனையும் காடும் எழுப்பிய மனிதர், கடைசி வரிசைவரை கேட்கிற குரல். பற்களை எடுத்த இந்த ஆறு மாதமாக அவர் வீட்டில் வாயே திறப்பதில்லை. மகள் போனில் கூப்பிட்டால்கூட, தூங்குவதாகச் சொல்லச் சொல்லி ஜாடை காட்டிவிடுவார். இப்போது மெல்ல உதடு பிரிக்கிறார். "எத்தனையோ செட் போட்டிருக்கேன் டாக்டர். என் வாய்க்குள்ளயே ஒரு செட் போடுவீங்கன்னு நினைக்கல." 'செட்' என்கிறபோது பல்லிடுக்கில் சின்னதாக ஒரு விசில் கேட்கிறது. மனைவிக்கு அந்த விசில்கூடப் பிடித்திருக்கிறது. டாக்டரம்மா சிரிக்கிறார். "கொஞ்சம் உறுத்தும் ஐயா. செட் ஆக ஒரு மாசம் ஆகும்." "ஒரு மாசம்தானே?" என்கிறாள் மனைவி. "எங்க ரெண்டு பேருக்கும் செட் ஆகவே பத்து வருஷம் ஆச்சு." தச்சர் வெடித்துச் சிரிக்கிறார். சிரித்த வேகத்திலேயே, பழகிப்போன கை வாயை மூட எழுகிறது. அவள் எட்டி அந்தக் கையைப் பிடித்து இறக்கி, தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். "இருங்க, நான் இன்னும் பார்த்து முடிக்கல."