ஒன்பது கறுப்புத் தகடுகள்

மேலாளருக்குப் புகார்க் கடிதம் எழுதி, காகிதம் கிழிகிற மாதிரி கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் விஞ்ஞானி அம்மா நிமிர்ந்தார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் கொதிகலன். அவருக்குக் கோபம் வந்தால் பக்கத்து அறைக் கண்ணாடிகூட வியர்க்கும் என்பார்கள்.

இன்று கோபத்துக்குக் காரணமும் இருந்தது. அவருடைய தொட்டியில் இருப்பது திரவ உப்பு. அடுப்பே இல்லாமல் உருகிக் கிடக்கும், எண்ணெய் மாதிரி ஓடும், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதில் தங்கத்தைக் கரைத்து மின்சாரம் விட்டால், செப்புத் தகட்டில் தங்கம் பளபளவென்று படியும். உப்பு காற்றிலிருந்து துளி ஈரத்தைக் குடித்துவிட்டாலோ, தங்கம் கறுப்புப் பொடியாக உதிரும்.

ஒன்பது தகடு தொடர்ந்து கறுப்பு. நாளை மறுநாள் நிபுணர் குழு வருகிறது. இப்படியே காட்டினால் மூன்று வருட உழைப்புக்கு மூடுவிழாதான்.

கதவில் அவர் கையாலேயே ஒட்டிய தாள் இருக்கிறது: உள்ளே தண்ணீர் கூடாது, ஈரத்துணி கூடாது, மீறினால் வேலை போகும்.

மீற அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? தரை துடைக்கிறவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மணி நாலு. வழக்கம்போல மேஜைக் கோடியில் கெட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டார். தலைவலிக்கு டீ. மருந்து மாதிரி, அதெல்லாம் விதியில் சேராது.

துடைக்கிறவர் வந்து நின்றார். தகடுகளை அவர் முன்னால் சீட்டுக்கட்டு மாதிரி விசிறினார் அம்மா.

"பாருய்யா உன் லட்சணத்தை. ஈரத்துணியோட உள்ள வந்தியா இல்லையா?"

அவர் ஒவ்வொரு தகடாகத் திருப்பி, பின்னால் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார்.

"இதெல்லாம் நான் லீவுல இருந்த நாளும்மா. பொண்ணுக்குப் பிரசவம். லீவு லெட்டர்ல நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

எதைத்தான் அம்மா படித்துக் கையெழுத்துப் போட்டார்!

உனக்குப் பதிலாக வந்தவன் துடைத்திருப்பான் என்றார் அம்மா. பதிலுக்கு யாருமே வரவில்லை என்றார் அவர். தரையில் தூசி பாய் விரித்திருந்தது.

"ஓஹோ. அப்ப நீ இருந்தவரைக்கும் தங்கம் ஜொலிச்சது உன் கைராசியாலதானோ?"

கெட்டில் புஸ்ஸென்று ஆவி விட ஆரம்பித்தது. அம்மா கோப்பையோடு ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் துடைக்கிறவர் நாலு எட்டில் தொட்டியிடம் போய், பக்கத்தில் கிடந்த கண்ணாடி மூடியை எடுத்து மூடினார். பழகிய கை.

அம்மா பார்த்துவிட்டார்.

"இதை மூடத்தாம்மா மறந்துடுவீங்க. தினம் நாலு மணிக்கு நான்தான் மூடுவேன். பாவம், தலைவலின்னு குடிக்கிறீங்க. அதைப் போய் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

மேஜையில் கடிதம் கிடந்தது. 'ஈரத்துக்குக் காரணமானவர் யாராக இருந்தாலும் உடனே வெளியேற்றப்பட வேண்டும்.' கீழே கையெழுத்தில் மை இன்னும் காயவில்லை.