ஒரு டம்ளர் வெள்ளம்

"ஐயா, வெள்ளம் குடிச்சிட்டு வர்றேன்."

ஐந்தாம் வகுப்பு தங்கபாண்டி எழுந்து நின்று இப்படிச் சொன்னதும், புலவர் சீனிச்சாமியின் பேனா நின்றுவிட்டது.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போடிமெட்டு மலைக்குக் கீழே இருக்கும் அந்தத் தொடக்கப் பள்ளியில் மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். ஒரே அறை, ஒரே ஆசிரியை, தேவி டீச்சர். சிறு பள்ளிகளுக்கான நற்றமிழ்க் கேடயத்துக்கு இந்த வருடம் அவர்களும் பெயர் கொடுத்திருந்தார்கள். நடுவராக வந்தவர்தான் புலவர்.

வாசிப்பில் பிழை இல்லை. சொல்வதெழுதுதலில் றகரமும் ரகரமும் இடம் மாறவில்லை. 'வாழைப்பழம்' பத்தொன்பது வாயிலும் வழுக்காமல் வந்தது. கேடயம் வைப்பதற்காகப் பீரோவின் தலையைப் பிள்ளைகள் காலையிலேயே துடைத்து வைத்திருந்தார்கள். பள்ளி இதுவரை எதையும் ஜெயித்ததில்லை என்பதால் அங்கே தூசி நிறைய இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே பகுதி. கலப்பில்லாத பேச்சு, பத்து மதிப்பெண்.

"பஸ்சு லேட்டு, ரோடு மோசம், ஜீப்பு டிரைவர் ஓவர் ஸ்பீடு" என்று சொல்லிக்கொண்டேதான் புலவர் வந்து இறங்கினார். ஆனால் நடுவருக்கு மதிப்பெண் போடும் வழக்கம் எங்கும் இல்லை.

"என்ன குடிக்கப் போறே?"

"வெள்ளம், ஐயா."

"வெள்ளம்னா ஆத்துல வர்றது. குடத்துல இருக்கிறது என்ன?"

தங்கபாண்டி மூலையில் இருந்த குடத்தைப் பார்த்து யோசித்தான். "அதுவும் வெள்ளந்தான்."

புலவர் முன்வரிசைக்குத் திரும்பினார். "நீ சொல்லும்மா, குடத்துல என்ன?"

"வெள்ளம்" என்றாள் கார்த்திகா.

"நீ?"

முன்பல் இரண்டும் விழுந்திருந்த ஒன்றாம் வகுப்பு பிரதீப்பும் வெள்ளம் என்றான். பாதி காற்றாக வந்தது.

"என்ன டீச்சர் இது? எல்லை பக்கத்துல இருந்தா மலையாளம் பள்ளிக்கூடத்துக்குள்ளயே வந்துருமா? மேல எஸ்டேட்டுலருந்து வந்த புள்ள ஏதாச்சும் மத்ததுகளைக் கெடுத்து வச்சிருக்கா?"

தேவி டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தார். தங்கபாண்டி வேண்டாமென்று தலையசைத்தான். அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

"இங்க பாருங்க, பத்து மார்க்கு போயிரும். அது போனா கேடயமும் போயிரும். கடைசியாக் கேக்குறேன். குடத்துல என்ன?"

பிள்ளைகள் பீரோவின் தலையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெள்ளம்" என்றார்கள் சேர்ந்து.

புலவர் தாளில் சைபர் போட ஆரம்பித்தார். பாதி வட்டம் போட்டிருப்பார்.

"தண்ணீர்."

கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

புலவருக்கு உயிர் வந்தது. "இது நம்ம ஊருப் புள்ள. பாருங்கடா, இவகிட்டக் கத்துக்கங்க. பேரு என்ன தாயி?"

"ரோஜா."

"எந்தத் தெரு?"

"இந்த ஊரு இல்லைங்கய்யா. மேல எல்லை தாண்டி பூப்பாறைக்கிட்ட ஏலத்தோட்டத்துல இருந்தோம். இந்த ஜூன்லதான் கீழ வந்தோம்."

பேனா இரண்டாம் முறையாக நின்றது.

"அப்ப இவங்கல்லாம்?"

"இவுக எல்லாரும் இந்த ஊருதான்."

"பெறகு எதுக்கு..."

"ரோஜா, ஒக்காரு" என்றான் தங்கபாண்டி மெதுவாக.

ரோஜா உட்காரவில்லை.

"வந்த அன்னிக்கு நான் வெள்ளம் வேணும்னு கேட்டேன். 'கொட்டகுடி ஆத்துல வரும், போயி நில்லு'ன்னு இவன் சொன்னான். எல்லாரும் சிரிச்சாக. நாலு நாளு நான் பள்ளிக்கூடம் வரலைங்கய்யா. அஞ்சாம் நாளு எங்கம்மா இழுத்தாந்து விட்டுச்சு. வந்து பாத்தா எல்லாரும் வெள்ளம் வெள்ளம்ங்கிறாக. அன்னிலருந்து ஒருத்தரும் மாத்திச் சொல்லல. பேசி வச்சது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக."

தங்கபாண்டி கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"சரி, நீ மட்டும் ஏன் தாயி தண்ணீர்ங்கிறே?"

"இவுக சொல்லையும் யாராச்சும் சொல்லணும்ல."



பழந்தமிழில் வெள்ளம் என்றால் நீர் என்றும் ஒரு பொருள் உண்டு. மிகப் பெரிய எண் ஒன்றுக்கும் அதுவே பெயர். முப்பது வருடம் இதைப் பாடமாக நடத்திய புலவருக்கு, இது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் தாளைப் பார்த்தார். பாதியில் விட்ட சைபரைப் பொறுமையாக முழுதாக்கினார். அதற்கு முன்னால் ஒரு ஒன்று போட்டார். எழுந்து போய்ப் பீரோவின் தலையில் விரலை ஓட்டிப் பார்த்தார். தூசி இல்லை.

"கேடயம் இங்க நிக்குமா டீச்சர்? கொஞ்சம் பெருசு."

தேவி டீச்சர் வேகமாகத் தலையாட்டினார்.

புலவர் தங்கபாண்டியின் பக்கம் திரும்பினார்.

"ஏப்பா தங்கபாண்டி, குடிக்கணும்னியே, போ. வரும்போது எனக்கும் வெரசா ஒரு டம்ளர் வெள்ளம் கொண்டா."

முதலில் சிரித்தது ரோஜாதான்.