ஞாயிறு காலை அட்டை

"உங்க வீட்ல ஒரு திருடன் இருக்கான்" என்றார் டயட் அம்மா.

கிளினிக்கின் உணவு ஆலோசகருக்கு அங்கே வரும் தாய்மார்கள் வைத்த பெயர் அது. அவர் சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை.

பாப்பாவுக்கு லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய். பால், பருப்பு, முட்டை எதுவும் ஆகாது. அவற்றின் புரதத்திலுள்ள ஒரு பொருள் ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுத்துவிடும்.

இதுவரை சனிக்கிழமைகளில் கிளினிக்கில் நுழைந்ததும் ரத்தம் எடுப்பார்கள். எப்போதும் சரியாகவே இருக்கும். இப்போது புதுப் பரிசோதனை. தினமும் காலையில் வீட்டிலேயே விரலில் குத்தி, ஒரு சொட்டைக் காகித அட்டையில் ஒற்றி அனுப்பினால் போதும்; சனிக்கிழமை எடை பார்க்க மட்டும் வரவேண்டும். ஆய்வகத்தோடு மல்லுக்கட்டி அதைக் கொண்டுவந்ததே டயட் அம்மாதான்.

வந்ததும் குட்டு உடைந்தது. ஞாயிறு காலை அட்டையில் மட்டும் அளவு எகிறியிருந்தது, வாராவாரம்.

"சனிக்கிழமை வீட்ல யாரு இருப்பா?"

"அவர்தான் மேடம். லீவு" என்றாள் பாப்பாவின் அம்மா.

"அப்போ அவரேதான். செல்லம் குடுத்துக் கெடுக்குறாரு. இந்த வாரமும் ஏறிச்சுன்னா பாப்பாவை வார்டுல சேர்த்துடுவேன்."

டயட் அம்மா திட்டி முடித்துவிட்டு, வழக்கம்போல எடை பார்க்கப் பாப்பாவை மட்டும் உள்ளறைக்கு அழைத்துப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் கணவனின் சட்டைப்பை, வண்டிப் பெட்டி, தலையணை உறை எல்லாம் சோதனையாயிற்று. குழந்தை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். யார் நம்புவது? அன்று முழுக்க அவனைப் பாப்பா பக்கமே விடவில்லை. பாவம், குளிக்கப் போனாலும் வாசலில் காவல்.

மறுநாள் ஞாயிறு அட்டையில் அளவு மறுபடியும் எகிறியது.

மனுஷன் எமகாதகன் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, வார்டில் தங்குவதற்காகத் துணிப்பையோடு கிளம்பினாள். வழியெல்லாம் அழுகை. கணவன் செய்யாத குற்றத்துக்குத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். அவனைப் பார்த்து டயட் அம்மா ஒரு முறை முறைத்தார்.

"பெத்த அப்பாவே இப்படிப் பண்ணலாமா? ஒரு துண்டு தானேன்னு நினைச்சீங்களா?"

பிறகு எடை பார்க்கப் பாப்பாவைக் கூப்பிட்டார். பாப்பா உள்ளறைக் கதவருகே நின்றுகொண்டது.

"இன்னிக்கு பாதாம் சாக்லேட் வேணாம் ஆன்ட்டி" என்றது ரகசியமாக, எல்லாருக்கும் கேட்கும்படி. "அந்த அட்டை நம்மளப் போட்டுக் குடுத்துடுது."